கிருமி என்றாலே பயம் வேண்டாம்

கே: ஐந்து மாதக் கர்ப்பிணி நான். பிறப்புறுப்பில் கிருமி இருப்பதாக லேப் ரிப்போர்ட் சொல்கிறது. தூக்கமே போய்விட்டது.

ப: நன்றாகத் தூங்குங்கள். கிருமியே இல்லாத பிறப்புறுப்பு எந்தப் பெண்ணுக்கும் கிடையாது. எந்தக் கிருமி என்பதுதான் விஷயம். ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892-இல் விவரித்த லாக்டோபேசிலஸ் வகை என்றால் மகிழ்ச்சி அடையுங்கள். பிறப்புறுப்பின் சுவரில் சேரும் கிளைகோஜனிலிருந்து அது லாக்டிக் அமிலம் தயாரிக்கும். அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் பெருக முடியாது. ரிப்போர்ட்டில் உள்ள பெயரை டாக்டரிடம் காட்டி விளக்கம் கேளுங்கள்.

கே: தயிரிலும் லாக்டோபேசிலஸ்தானே இருக்கிறது? தினமும் தயிர் சாப்பிட்டால் போதாதா?

ப: குடும்பம் ஒன்று, இனம் வேறு. தயிரில் இருப்பவை பாலில் வாழப் பழகியவை. பிறப்புறுப்பைக் காப்பதில் முதலிடம் லாக்டோபேசிலஸ் கிரிஸ்பேட்டஸுக்கு. தயிர் தாராளமாகச் சாப்பிடுங்கள். அது குறைப்பிரசவத்தைத் தடுக்கும் என்பதற்கு மட்டும் நிரூபணம் இல்லை. உள்ளே தடவும் வேலையே வேண்டாம்.

கே: இந்தக் கிருமிகளுக்கும் குறைப்பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம்?

ப: 37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் குறைப்பிரசவம். 2020-இல் உலகில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்தார்கள். இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம். லாக்டோபேசிலஸ் குறைந்து கார்ட்னெரெல்லா போன்ற கெட்ட கிருமிகள் பெருகினால், கர்ப்பப்பை வாயை அடைத்துக் காக்கும் சளி கரையத் தொடங்கும். அழற்சி மேலே பரவினால் புரோஸ்டாகிளான்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கும். அது கர்ப்பப்பை வாயை இளக்கி வலியைத் தூண்டும், பனிக்குடமும் வலுவிழக்கும். 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, குறைமாதத்தில் பெற்ற 45 பேரையும் நிறைமாதத்தில் பெற்ற 90 பேரையும் ஒப்பிட்டது. முன்னவர்களிடம் கிரிஸ்பேட்டஸ் குறைவாக இருந்தது. ஆனாலும் இது பல காரணங்களில் ஒன்றுதான். இரட்டைக் குழந்தை, உயர் இரத்த அழுத்தம், கர்ப்பப்பை வாயின் நீளம் குறைவது என்று வேறு காரணங்களும் உண்டு.

கே: அப்படியானால் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்துவிடலாமே?

ப: கொடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. ஆபத்து குறைவான கர்ப்பிணிகளிடம் பாக்டீரியச் சமநிலை கெட்டிருப்பதை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, பிரான்சில் கிளின்டமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். 2018-இல் வந்த முடிவு: முன்கூட்டிய பிரசவம் குறையவில்லை. பிரிட்டனின் ‘ஆரக்கிள்’ ஆய்வு இன்னும் கவலை தருவது. பனிக்குடம் உடையாமல் வலி மட்டும் வந்த தாய்மார்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்ததில், அவர்களின் குழந்தைகளிடம் ஏழு வயதில் பெருமூளை வாதம் சற்று அதிகமாகக் காணப்பட்டது. மீன் வாடை, சாம்பல் நிற வெள்ளைப்படுதல் போன்ற அறிகுறி இருந்தால் சிகிச்சை அவசியம். டாக்டர் எழுதித் தரும் மாத்திரையை முழுசாகச் சாப்பிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

கே: இன்டிமேட் வாஷ் போட்டுக் கழுவலாமா?

ப: உள்ளே தண்ணீர்கூட அடிக்க வேண்டாம், நல்ல கிருமிகளும் சேர்ந்து போய்விடும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

கே: சிகிச்சைக்குப் பிறகும் இந்தப் பாக்டீரியச் சமநிலைக் கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது. கணவருக்கும் மருந்து தேவையா?

ப: இருவரும் சேர்ந்தே டாக்டரைப் பாருங்கள். 2025-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், பெண்ணுக்கு மட்டும் மருந்து தந்தபோது 12 வாரத்துக்குள் 63 சதவீதத்தினருக்குத் திரும்ப வந்தது. துணைவருக்கும் மாத்திரையும் க்ரீமும் தந்தபோது அது 35 சதவீதமாகக் குறைந்தது. பாரம் பெண்ணின் தலையில் மட்டும் இருக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

கே: ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. நான் சுத்தமாக இல்லாததுதான் காரணம் என்கிறார் மாமியார்.

ப: அத்தை சொல்வது தவறு. அமெரிக்காவில் எந்தத் தொந்தரவும் இல்லாத 396 பெண்களைப் பரிசோதித்து 2011-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு லாக்டோபேசிலஸ் முன்னிலையில் இல்லை. அதற்கு அழுக்கு என்று பெயர் வைக்க எந்த மருத்துவருக்கும் உரிமையில்லை; மாமியாருக்கும் இல்லை. உங்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை, தாயே. அடுத்த கர்ப்பத்தில், முன்பு குறைப்பிரசவம் ஆனதை முதல் செக்கப்பிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளந்து, தேவைப்பட்டால் புரோஜெஸ்டிரோன் தருவார்கள் அல்லது தையல் போடுவார்கள்.

கே: எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

ப: 37 வாரத்துக்கு முன் நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, விட்டு விட்டு வயிறு இறுகினாலோ, இடுப்பு வலி விடாமல் இருந்தாலோ உடனே கிளம்புங்கள். நேரத்தோடு போனால், குழந்தையின் நுரையீரல் முதிர உதவும் ஸ்டீராய்டு ஊசியைப் பிரசவத்துக்கு முன்பே போட முடியும். பொய்வலியாக இருந்தாலும் பரவாயில்லை, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.