வீட்டுப் பிளானும் வராதவர் அறையும்: ஓர் ஆய்வு

புதுவீட்டுப் பிளானைச் சொந்தபந்தங்களிடம் காட்டிக் கருத்துக் கேட்பது நம் ஊரில் காலங்காலமாக நடந்துவந்தும், அதை ஆளும் விதியை எவரும் வகுத்தாரில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. விதி இதுதான்: பிளான் விரிக்கப்படும்போது கூடத்தில் யார் இல்லையோ, அவர் அறை சுருங்கும்.

ஆய்வுக்களம் ஒரு கிரவுண்ட் மனை, அதாவது 2400 சதுர அடி. இன்ஜினியர் கொடுத்த தாளை டீப்பாயில் விரித்து, மூலைக்கொரு காபி டம்ளர் வைத்தாயிற்று. முதல் கால் மணி நேரம் வடக்கைத் தேடுவதில் போனது. அம்புக்குறி தாளிலேயேதான் இருந்தது; அதன்மேல் டம்ளர் இருந்தது.

அக்னி மூலையில் சமையல், கன்னி மூலையில் பெரியவர் படுக்கை, ஈசானியத்தில் பூஜை. இதிலெல்லாம் சண்டையில்லை. சண்டை அளவில்தான். மனையடி சாஸ்திரப்படி 10, 11 அடி நல்லவை. 12 முதல் 15 வரை ஆகாதவை. 16 மறுபடி நல்லது. ஆகவே 11 அடி அறையை ‘ஒரே ஒரு அடி’ கூட்ட எந்த மாமாவாலும் ஆகாது. தாவினால் 16க்குத்தான் தாவவேண்டும். அந்த 5 அடிக்கு எங்கே போவது? பெங்களூரில் வேலை பார்க்கும் மகளின் அறை 16 அடி இருந்தது. பேச்சுவாக்கில் 11 ஆயிற்று. இரண்டும் நல்ல எண் என்பதால் சாஸ்திரத்துக்கும் மனக்குறை இல்லை. (அளப்பது உள்கூடா வெளிக்கூடா என்று பெரியப்பா கிளப்பிய கேள்வி தனிநூலுக்குரியது. 9 அங்குலச் சுவர் இருபக்கமும் சேர்ந்தால் உள்ளே 10 அடி, வெளியே பதினொன்றரை.)

பிளான் பார்க்கவே தெரியாத பாட்டி மட்டும் ஒரு கோட்டின்மேல் விரலை வைத்து, “பீரோவத் தொறந்தா கதவு கட்டில்ல இடிக்காதா?” என்றார். அன்று எழுந்த ஒரே தொழில்நுட்பக் கேள்வி இதுவே என்பது ஆய்வாளர் துணிபு. பதில் சொல்ல ஆளில்லை.

இரவு மகள் வீடியோ காலில் வந்தாள். 5 அடி திரும்பியது. அந்நேரம் பால் வாங்கப் போயிருந்த தம்பிதான் இழந்தவன். அவனும் வந்து கூச்சலிட்டபின் விதியைப் புரிந்துகொண்ட குடும்பம், பாத்ரூமுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

எல்லோரும் உட்கார்ந்திருந்தால் யாரிடமிருந்து எடுப்பது? ஹாலுக்கு இன்னும் 2 அடி வேண்டுமென்று அடம்பிடித்த சித்தப்பாதான் வழி கண்டார். இன்னும் வாங்காத காருக்குப் பரிந்து பேச யார் இருக்கிறார்கள்? 10 அடி போர்டிகோ 8 அடியானது. 8உம் நல்ல எண்தான்.

கிரகப்பிரவேசத்தன்று அந்தப் போர்டிகோவில் முதலில் நுழைந்தது சித்தப்பாவின் புது எஸ்யூவி. ஒருபுறம் சுவர், மறுபுறம் மாடிப்படி. பட்டுவேட்டியைப் பிடித்துக்கொண்டு, பாதி திறந்த கதவுவழியே பக்கவாட்டில் உருவிக்கொண்டு இறங்கியவர், வாசலில் நின்ற எங்களைப் பார்த்துச் சொன்னார்: “அப்பவே சொன்னேன், போர்டிகோ பத்தாதுன்னு.”