உங்கள் புகார் தீர்க்கப்பட்டது

அனுப்புநர்:
செயலாளர், அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கம், செம்பாக்கம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, எங்கள் குடியிருப்புக்கு இணையம் தரும் நிறுவனம்.
(பெயர் எழுதவில்லை. மாதக் கட்டணத்துக்கு நினைவூட்டல் அனுப்புவதில் எந்தத் தாமதமும் இல்லாதவர்கள் என்பதால் தங்களையே சொல்கிறேன் என்று புரிந்துகொள்வீர்கள்.)

பொருள்: பொங்கல் விழாவில் எங்கள் பிள்ளைகள் சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் சுடப்பட்டது தொடர்பாக.

பார்வை: 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்ற தங்கள் குறுஞ்செய்தி.

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வையில் கண்ட குறுஞ்செய்திக்கு முதலில் நன்றி. 'தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்ற செய்தி அதற்குப் பத்து நிமிடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. பதியும் முன்பே தீர்த்துவைப்பதற்கு எங்கள் பையன்கள் 'டீசிங்க்' என்று ஏதோ பெயர் சொல்கிறார்கள். நான் அதைத் தங்கள் கருணை என்றே எடுத்துக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு உறியடி, கோலப் போட்டி, லெமன் ஸ்பூன் என்று நடத்தி வந்த சங்கம் எங்களுடையது. இந்த முறை பிள்ளைகள் வேலரண்ட் என்ற கணினி ஆட்டத்தில் போட்டி கேட்டார்கள். துப்பாக்கி விளையாட்டா என்று கமிட்டியில் பெரியவர்கள் முகம் சுளிக்க, ஒரு பிளஸ் டூ பெண் எழுந்து, "2022 டிசம்பர்லயே மத்திய அரசு ஈஸ்போர்ட்ஸை விளையாட்டு அமைச்சகத்துக்குக் கீழ கொண்டுவந்தாச்சு அங்கிள்" என்றாள். அரசாணை பேசுகிறவளிடம் யார் வாயைக் கொடுப்பது? பார்ட்டி ஹாலில் மேசை போட்டோம். பத்து லேப்டாப், ஐந்துக்கு ஐந்து. முதல் பரிசு எவர்சில்வர் டிபன் கேரியர்.

மாலை ஏழு மணி வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அதன் பிறகு ஹால் முழுக்க ஒரே கூச்சல்: "டேய், லேக் அடிக்குதுடா!" ஒருவன் ஓடிய இடத்துக்கே திரும்ப இழுக்கப்பட்டான். சுவருக்குப் பின்னால் போய் நின்ற ஒருவன், நின்ற பிறகு செத்தான். சுட்டவன் திரையிலோ அவன் இன்னும் வெளியேதான் நின்றான். இருவரும் கண்ணால் கண்டதையே சத்தியம் செய்தார்கள். இருவரும் சொன்னது உண்மை. எல்லாவற்றையும்விடக் கொடுமை அரையிறுதி. இந்த ஆட்டத்தில் வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்ய ஏழு விநாடி பிடிக்கும். அந்தப் பிளஸ் டூ பெண் ஆறு விநாடி பொறுமையாகப் பிடித்திருந்தாள். திரை உறைந்தது. மறுபடி அசைந்தபோது குண்டு வெடித்து, எதிரணி பாதி ஹாலில் குதித்துக்கொண்டிருந்தது. திரை மூலையில் பிங், அதாவது தகவல் சர்வருக்குப் போய்வரும் நேரம், 380 மில்லிவிநாடி.

உடனே தங்களை அழைத்தோம். ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னீர்கள்; பண்ணினோம். ஸ்பீடு டெஸ்ட் எடுக்கச் சொன்னீர்கள். 100 எம்பி பிளானில் 97 வந்தது. "ஸ்பீடு வருதே சார், பிராப்ளம் உங்க சைடுதான்" என்றார் தங்கள் அலுவலர். அந்த டெஸ்ட் ஓடிய சர்வரும் தங்களுடையதுதான் என்பதை அவர் அடக்கம் கருதிச் சொல்லவில்லை.

எங்கள் சைடைப் பார்த்தோம். அந்தப் பெண்ணே லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து, முதலில் எங்கள் ரூட்டருக்கே பிங் அடித்தாள். வைஃபையில் எண் 3-க்கும் 200-க்கும் நடுவே துள்ளியது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதானாம். அந்த மூன்றில் எங்கள் மூன்று மாடி வீடுகளின் ரூட்டர்களும் கத்திக்கொண்டிருந்தன. சுவிட்சும் கேபிளும் கொண்டுவந்து எல்லா லேப்டாப்பையும் கம்பியில் கோத்தோம். ரூட்டர் வரை ஒரு மில்லிவிநாடி. எங்கள் சைடு முடிந்தது.

பிறகு, தகவல் போகும் பாதையைக் காட்டும் டிரேஸ் ரூட். பகலில் இதே பாதை சென்னையிலிருந்து நேரே ஆட்டத்தின் மும்பை சர்வருக்குப் போயிருக்கிறது. இரவு எட்டு மணிக்கு, எங்கள் பாக்கெட் சிங்கப்பூர் போய் மும்பைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பாஸ்போர்ட் இல்லாத பிள்ளைகளுக்கு இலவச வெளிநாட்டுப் பயணம்! கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். சாலைத் தூரத்துக்கு இழை போட்டாலும் மும்பைக்குப் போய்வர 13 மில்லிவிநாடி. சிங்கப்பூர் சுற்றினால் பயணத்துக்கே 68. மிச்சமெல்லாம் வழியில் வரிசையில் நின்ற நேரம். உள்நாட்டுத் தகவல் உள்நாட்டிலேயே கைமாற வேண்டும் என்றுதான் 2003-இல் நிக்சி என்ற இணைய மாற்றகத்தை அமைத்தார்கள். சென்னையிலும் அதற்கு முனை உண்டு. தாங்கள் ஒருவேளை கேள்விப்பட்டிருக்கலாம்.

முதல் மாடி மாமா ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரே ஹால்ல எதிரெதிரே உக்காந்து சுட்டுக்க மும்பை எதுக்குய்யா?" என்றார். நியாயமான கேள்வி. தாம்பரம் பிரௌசிங் சென்டர்களில் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடிய தலைமுறைக்கு இணையமே தேவைப்படவில்லை; ஒரு கணினியே சர்வர், கேபிளைச் சொருகினால் ஆட்டம். இன்றைய ஆட்டம் வீட்டு லேனில் ஓடாது. அந்தக் குற்றம் தங்களுடையதல்ல, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எங்களுக்கு விற்பது எது என்பதில் பேச்சு இருக்கிறது. அகலமான வேளச்சேரி சாலையைக் காட்டிக் காசு வாங்குகிறீர்கள். நாங்கள் நிற்பதோ கேம்ப் ரோடு சிக்னலில். பிராட்பேண்ட் என்றால் 2004-இல் 256 கேபி, 2013-இல் 512 கேபி, 2023 முதல் 2 எம்பி என்று அரசின் வரையறையும் வேகத்தைத்தான் எண்ணிவந்திருக்கிறது. தாமதத்துக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தர விதிகளில் வரம்பு உண்டு. அதை விளம்பரத் தட்டியில் அச்சடித்தவர்களை நான் பார்த்ததில்லை. ஆணையத்திடம் முறையிடலாம் என்றால், அது தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. தங்களிடமே போகச் சொல்கிறது. சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளுக்கு 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் 2020-லேயே போய்ச் சேர்ந்துவிட்டது. செம்பாக்கத்தில் தங்கள் கேபிள் இன்னும் ஈபி கம்பத்திலிருந்து வேப்பமரக் கிளை வழியாகத்தான் வருகிறது.

இறுதி ஆட்டத்தை நான்கைந்து செல்போன் ஹாட்ஸ்பாட்டில் முடித்தோம். டிபன் கேரியர் பி பிளாக்குக்குப் போனது. அரையிறுதியில் தோற்ற பெண் இன்னும் ஆட்சேபம் தெரிவிக்கிறாள். அதைத் தங்களுக்கு அனுப்பிவைப்பதே முறை என்று சங்கம் தீர்மானித்திருக்கிறது.

ஆகவே, எங்கள் தெருமுனைத் தட்டியில் '100 எம்பி' என்று எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், இரவு எட்டு மணிக்கு மும்பைக்கு எத்தனை மில்லிவிநாடி என்பதையும் அதே அளவு எழுத்தில் எழுதிவைக்குமாறும், அதுவரை இந்தப் புகாரைத் தீர்க்காமல் இருக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்