மூணு வயசுப் பிள்ளைக்கு முழு நேர வேலை

வாரும் மாப்ளே, இப்பிடித் திண்ணையில உக்காரும். பிள்ளையை எல்கேஜியில சேத்தாச்சாம்லா, ஊரே பேசுது. பையைத் தூக்கிப் பாத்தேன். நாலு கோடு நோட்டு, ரெண்டு கோடு நோட்டு, கட்டம் போட்ட நோட்டு, டைரி வேற. பிள்ளையை விடப் பை கனம். நல்ல காரியம். அப்படியே கலெக்டர் பரிட்சைக்கும் பணத்தைக் கட்டிரும், கடைசி நேரத்துல கூட்டமா இருக்கும்.

நேத்து சாயந்தரம் நீரு எழுதப் பழக்குன அழகைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். புள்ளி வச்ச 'அ'னா. பிள்ளை பென்சிலை முழுக் கையாலயும் இறுக்கிப் பிடிச்சு அமுக்குதான். சுழி வரல, தாளுதான் கிழிஞ்சுது. நீரு 'வளை, வளை'ன்னு கத்துதீரு. எதை வளைப்பான்? மணிக்கட்டுல எட்டு எலும்பு உண்டுமாம். மூணு வயசுல அதுல பாதிகூட இறுகி இருக்காதாம், எக்ஸ்ரே எடுத்தாலும் படத்துல விழாதாம். படத்துல விழாத எலும்பை வளைக்கச் சொல்லுத ஆளு உலகத்துல நீரு ஒருத்தருதான்னு நெனச்சேன். பிறகுதான் உம்ம மிஸ்ஸு போட்ட வீட்டுப்பாடத்தைப் பாத்தேன். ரெண்டு பேரு.

விரலுக்குப் பலம் வேணும்னா என்கிட்ட கேளும், பீஸு கிடையாது. உங்க அத்தை மொச்சை உரிக்கையில பிள்ளையைப் பக்கத்துல உக்கார வையும். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேந்து தொலியைப் பிதுக்கட்டும். பல்லாங்குழியில புளியமுத்தை ஒண்ணொண்ணாப் போடட்டும். பக்கத்துலயே இரும், மூக்குக்குள்ள போட்டுக்கிட்டா அது வேற டாக்டரு. முத்தத்துல மணலைப் பரப்பி விரலால இழுக்க விடும்.

மணலான்னு மூஞ்சியைச் சுளிக்காதீரும். எழும்பூர்ல அனாதைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துன ஆண்ட்ரூ பெல் துரை, நம்மூருப் பிள்ளைக மணல்ல எழுதுததைப் பாத்து அசந்துபோயி, அதையே தன் பள்ளிக்கூடத்துலயும் புகுத்துனாரு. 1797-ல லண்டன்ல புஸ்தகமே போட்டாரு. வெள்ளைக்காரன் கப்பலேத்திக் கொண்டுபோனது உமக்கு அழுக்காத் தெரியுது. இதையே பிளாஸ்டிக் டப்பாவுல அடைச்சு 'சென்சரி கிட்'டுன்னு வித்தா ஆன்லைன்ல வாங்குவீரு.

247 எழுத்தும் சொல்லுதான் மாமான்னு நீரு பெருமைப்பட்டீரு. சொன்னான், இல்லைங்கல. பிறகு நான் எதுத்த சுவத்துல இருந்த தேர்தல் விளம்பரத்துல ஒரு 'ம'வைத் தொட்டு, இது என்னடான்னு கேட்டேன். பய 'அ'னாவுலேருந்து ராகம் போட்டு ஆரம்பிச்சான். 'ம' வந்துது, போச்சு. நிக்கவே இல்ல. அவன் எழுத்தா படிச்சிருக்கான்? பாட்டுல்லா படிச்சிருக்கான். வளைவும் சுழியும் கொறைவா இருக்க 'ட', 'ப', 'ம'வுலேருந்து தொடங்குத வாத்திமாரு உண்டு. விவரம் தெரிஞ்சவங்க.

ஆனா காரியம் எழுத்துக்கும் முந்தியே கெடக்கு மாப்ளே. காதுல கெடக்கு. முத்து, முறுக்கு, முருங்கை, மூணும் எந்தச் சத்தத்துல தொடங்குதுன்னு சோறு ஊட்டையில கேளும். 'கல்'லும் 'பல்'லும் ஒண்ணுபோலக் கேக்குதே, இன்னொண்ணு சொல்லுன்னு கேளும். 'வில்'லும்பான், 'நெல்'லும்பான், இல்லாத ஒண்ணையும் உண்டாக்கிச் சொல்லுவான், விடும். 'மரத்'துல 'ம'வை எடுத்துட்டா என்ன மிஞ்சும்னு மட்டும் நாலுபேரு முன்னால கேக்காதீரும். 'ரம்'முன்னு உரக்கச் சொல்லிருவான். அப்பனைத்தான் ஊரு பாக்கும்.

போன வாரம் கல்யாணப் பத்திரிகையைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு 'எல்லாரும் வாங்க, பாயசம் உண்டு, ஐஸ்கிரீம் உண்டு'ன்னு வாசிச்சானே, உமக்கு ஞாபகம் இருக்கா? தாள்ல இருக்க கோடு ஏதோ பேசுதுன்னு அவனுக்கே தட்டுப்பட்டிருக்கு. அதுல விரலை வேற வலதுபக்கமா நகத்திக்கிட்டே போனான், நான் பாத்தேன். நீரு வெடுக்குன்னு பிடுங்கி, நேராத் திருப்பி, 'இது என்ன எழுத்து?'ன்னு பரிட்சை வச்சீரு. பய ஓடிட்டான். நானா இருந்தா நானும் ஓடியிருப்பேன்.

பால்வாடியில விட்டிருக்கலாம்லான்னு கேட்டேன். உம்ம முகம் சுருங்கிட்டு. அங்கன்வாடித் திட்டம் 1975-ல காந்தி ஜெயந்தியன்னைக்குத் தொடங்குனது. நல்லா நடத்துத டீச்சர் அமைஞ்சா ஆட்டமும் பாட்டும் கதையுமாப் பொழுது போகும். என்ன ஒரு குறை, பீஸு கேக்கமாட்டாங்க. கேட்டா உமக்கு நம்பிக்கை வந்திருக்கும்.

ராத்திரி மடியில வச்சு ஒரு படப் புஸ்தகம். வாசிச்சுக்கிட்டே விரலை எழுத்துக்கு அடியில ஓட்டும். 'நரி ஏன் ஓடுது'ன்னு கேட்டுட்டு நீரு வாயை மூடிக்கிட்டு இரும், அதுதான் உமக்குச் சிரமம். ஒரே கதையையே தினமும் கேப்பான். சலிச்சு ஒரு வரியை முழுங்கிப் பாரும், அப்பா தப்புன்னு கையோட பிடிச்சிருவான்.

நேரம் இல்லைங்கீரா? அதுவும் சரிதான். பிள்ளைக்கு வீட்டுப்பாடம், உமக்கு ஆபீசு, மிச்ச நேரத்துக்குப் போன் இருக்கு. சரி, அந்தா டவுன் பஸ் வருது. போர்டுல என்ன ஊரு போட்டிருக்குன்னு பிள்ளைகிட்ட கேட்டுக்கிட்டே ஏறும். போனை இங்க குடுத்துட்டுப் போம், நாளைக்கு வாங்கிக்கிடலாம். இன்னைக்குக் கிரிக்கெட் மேட்ச் இருக்கு.