மூன்றில் ஒன்று லீவு

கார்புரேட்டர் காலத்து மாருதி 800 ஒன்று காலையில் ஸ்டார்ட் ஆகி, நின்ற இடத்திலேயே குலுங்க ஆரம்பித்தால் போதும். பானெட்டைத் திறப்பதற்குள் தெருவே வைத்தியம் சொல்லிவிடும். வாக்கிங் போகிறவர், "பெட்ரோல்ல கலப்படம் சார்" என்பார். பால்காரர் பேட்டரி என்பார். மாடி வீட்டுக்காரருக்குச் சின்னச் சின்ன நோய்களில் நம்பிக்கை கிடையாது. "இன்ஜினை இறக்கிடணும்" என்பார், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே.

வண்டிக்காரர் மட்டும் வாயைத் திறக்காமல் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருப்பார்.

மெக்கானிக்குகள் இந்தக் குலுக்கலை 'மிஸ்ஸிங்' என்பார்கள்; ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் படுத்துவிட்டது என்று அர்த்தம். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த இந்த வண்டிக்கு 796 சிசி இன்ஜின், மூன்றே மூன்று சிலிண்டர். ஆறு சிலிண்டர் வண்டியில் ஒன்று படுத்தாலும் மற்ற ஐந்தும் ஒருவாறு சமாளிக்கும். இங்கே ஒன்று படுத்தால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி. டாஷ்போர்டில் ஒட்டிவைத்த பிள்ளையாரே இடவலமாகத் தலையாட்டுவார்.

படுத்தது எது? பழைய வண்டிகளுக்குப் பழைய வழி உண்டு. இன்ஜின் ஓடும்போதே பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது. வேலை செய்கிற சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் இன்ஜின் இன்னும் திணறும். கழற்றியும் சத்தம் துளிகூட மாறவில்லை என்றால் ஆள் அகப்பட்டான். யார் லீவு போட்டும் ஆபீஸில் ஒரு ஃபைலும் தேங்கவில்லையோ, அவர்மேல் சந்தேகம் வரும் அதே கணக்கு. ஆனால் அந்த ஒயரில் ஓடுவது பல்லாயிரம் வோல்ட். இன்சுலேஷன் போட்ட குறடு இல்லாமல் வெறுங்கையை நீட்டினால் மிஸ்ஸிங் மனிதருக்கு மாறிவிடும்.

அடுத்தது பிளக்கைக் கழற்றி முகத்தைப் பார்ப்பது. முனை இளம்பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது; செலவு பெரியது. வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது வெடித்த வேக்குவம் குழாய் வழியே காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது.

புது வண்டிகளில் ஒயரைப் பிடுங்கி விளையாடக் கூடாது. எரியாத பெட்ரோல் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் போனில் பி0302 என்பதுபோல் ஒரு குறியீடு வரும். கடைசி 2 என்பது சிலிண்டர் எண். காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா என்று கேட்டால் மட்டும் அது மௌனம். அதற்குப் பழையது புதியது இரண்டுக்கும் ஒரே மருந்துதான்: சந்தேகப்படும் பாகத்தைப் பக்கத்துச் சிலிண்டரோடு இடம் மாற்றிப் பார்ப்பது.

மாருதிக்காரரும் அதைத்தான் செய்தார். படுத்திருந்த இரண்டாவது சிலிண்டரின் பிளக்கை மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் மாட்டி ஸ்டார்ட் செய்தார். வண்டி முன்போலவே குலுங்கியது. ஒயரைக் கழற்றிப் பார்த்தார். இரண்டு பிழைத்துக்கொண்டது, இப்போது மூன்று படுத்திருந்தது. சந்தேகமே இல்லை, பிளக்தான்! கிரீஸ் கையோடு துள்ளிக் குதித்தார்.

மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, குலுங்குகிற வண்டியையும் குதிக்கிற மனிதரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்குப் பேர் ரிப்பேரா, டிரான்ஸ்ஃபரா சார்?"