இரவு இரண்டு மணிக்கு ஒரு 'டொக்'

அப்பரைக் கட்டிக் கடலில் தள்ளிய கல் மிதந்தது. அது அப்பர் பெருமை. நாம் தண்ணீருக்குள் வைக்கிற கல்லுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: சமயம் பார்த்து விழுவது. வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்குக் கூடத்தில் 'டொக்' என்று சத்தம் கேட்டால், "கடவுளே, திருடனாக இருக்க வேண்டுமே" என்று வேண்டிக்கொண்டே எழுந்து வருவார்கள்.

இந்த 'டொக்'குக்கு வயது நூற்றெழுபதுக்கு மேல். அதன் சரித்திரத்தில் ராஜா கிடையாது, போர் கிடையாது. ஒரு பாதிரியார் மனைவி, ஆண்டவனுக்கே வக்காலத்து வாங்கிய ஓர் இயற்கை ஆராய்ச்சியாளர், ஒரு ஜகார்த்தாக்காரர், மூட்டை மூட்டையாகச் சிமென்ட். அவ்வளவுதான்.

1846-இல் அன்னா தின் என்ற லண்டன் சீமாட்டி டார்க்கீ கடற்கரைக்குப் போனார். வீட்டுக்காரர் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பெரிய பாதிரியார். அம்மையாரோ பாறை இடுக்கில் ஒட்டியிருந்த கல்பவளங்களைப் பார்த்துச் சொக்கிப்போய், லண்டனுக்குக் கொண்டுபோயே தீருவது என்று முடிவு கட்டினார். வழியில் குலுக்கல் தாங்காமல் பவளம் உருண்டால் செத்துவிடுமே? ஊசியும் நூலும் எடுத்தார். பவளங்களை ஒரு பெரிய கடற்பஞ்சோடு சேர்த்துத் தைத்துவிட்டார். ஆக, இந்தக் கலைக்குப் பிள்ளையார் சுழி போட்டது கொத்தனார் இல்லை, தையல்.

லண்டனில் அலைக்கு எங்கே போவது? தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம் வேலைக்காரப் பெண் திறந்த ஜன்னலருகே நின்று, கடல் தண்ணீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி ஊற்றினாள். கும்பகோணம் டிகிரி காபி ஆற்றுகிற அதே ஆற்றல்தான். காற்று கலந்தது, பவளம் பிழைத்தது. இன்று அந்த வேலைக்கு 'வேவ்மேக்கர்' என்று ஒரு மோட்டாரைக் காசு கொடுத்து வாங்கித் தொட்டிக்குள் ஒட்டுகிறோம். அன்றைய வேவ்மேக்கருக்குப் பாவாடையும் தலையில் துணித்தொப்பியும் இருந்தன. சீமாட்டி புத்தகத்தில் ஏறினார். அவள் 'வேலைக்காரப் பெண்'ணாகவே நின்றுவிட்டாள்.

1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலை மீன்களுக்கென்று தனி வீடே கட்டிக் கொடுத்தது. மறுவருஷம் இயற்கை ஆராய்ச்சியாளர் ஃபிலிப் ஹென்றி காஸ் 'தி அக்வேரியம்' என்று புத்தகம் போட்டார். பிடித்தது பைத்தியம். கௌரவமான குடும்பம் என்றால் வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டி இருந்தாக வேண்டும். தொட்டி இருந்தால் அதற்குள் வளைவு, குகை, குட்டி மலை எல்லாம் வேண்டும். கல்லைக் கல்லோடு ஒட்டச் சிமென்ட் வந்தது. புதுச் சிமென்ட் தண்ணீரில் சுண்ணாம்பைக் கக்கும் என்பது மீன் மல்லாந்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. வெற்றிலை இல்லை, பாக்கு இல்லை, வெறும் சுண்ணாம்பு. யார்தான் தாங்குவார்கள்?

காஸ் சிமென்ட்டை நம்பி உட்கார்ந்திருந்தவர் இல்லை. பாசியைப் பிடுங்காதே, அது ஒட்டியிருக்கிற பாறையோடு சேர்த்து உளியால் பெயர்த்தெடு என்று சொல்லிக் கொடுத்தார். நல்ல யோசனைதான். ஆனால் ஊரே உளியும் சுத்தியலுமாகக் கடற்கரைக்குக் கிளம்பிவிட்டது. பாறைக் குட்டைகளெல்லாம் சூறையாடப்பட்டதையும், அதைக் கண்டு அப்பா நொந்துபோனதையும் மகன் எட்மண்ட் 1907-இல் ஒரு புத்தகத்தில் எழுதி வைத்தார். புத்தகம் போட்டவர் அப்பா, பஞ்சாயத்து வைத்தவர் பிள்ளை.

அதே காஸ் 1857-இல் இன்னொரு காரியம் செய்தார். பூமிப் பாறைக்குள் புதைபடிவங்கள் இருக்கின்றனவே, அப்படியானால் உலகத்துக்கு வயது அதிகமோ என்று ஊரெல்லாம் குழம்பிக்கொண்டிருந்த நேரம். காஸ் 'ஓம்ஃபலோஸ்' என்று நூல் எழுதித் தீர்ப்புச் சொன்னார்: ஆண்டவன் படைக்கும்போதே எலும்புகளைப் பாறைக்குள் வைத்துத்தான் படைத்தான். அதாவது, தொட்டிக்குள் கல் அடுக்கிப் பழகிய மனுஷனுக்கு ஆண்டவனும் தன்னைப் போலவே அடுக்குகிறவனாகத் தெரிந்திருக்கிறான். புத்தகம் விற்கவில்லை. விஞ்ஞானியும் சிரித்தான், பக்தனும் முகம் சுளித்தான்.

1860-களில் பைத்தியம் தெளிந்தது. நாற்றமடிக்கிற தொட்டியைக் கழுவ எந்தச் சீமாட்டி முன்வருவார்? வீட்டிலிருந்து துரத்தப்பட்ட பாறை பொதுமண்டபத்தில் குடியேறியது. 1869-இல் பெர்லினில் திறந்த அக்வேரியத்தில் ஆட்களே குகைக்குள் நடந்து போனார்கள். மீன் வெளியே, மனிதன் பாறைக்குள் என்று ஆகிவிட்டது.

பிறகு பல பத்தாண்டுகள் கழித்து வந்தது எலும்புக்கூட்டு யுகம். செத்த பவளத்தை வெளுத்துத் தொட்டியில் நட்டார்கள். அதில் பாசி படர்ந்து பழுப்பேறினால் வெளியே எடுத்து, ப்ளீச்சில் ஊறவைத்து, வெயிலில் காயப்போட்டு மறுபடி வைத்தார்கள். கடலை வேட்டி துவைப்பது போலத் துவைத்த காலம் அது.

இந்தக் கூத்துக்கு நடுவில், 1961-இல், ஜகார்த்தாவின் லீ சின் எங் ஒரு பத்திரிகையில் எழுதினார்: உயிருள்ள கல்லைக் கடலிலிருந்து அப்படியே எடுத்து வை, கொஞ்சம் காற்றுக் குமிழி விடு, மீதியைக் கல் பார்த்துக்கொள்ளும். ஊர் கேட்கவில்லை. 1980-களில் பெர்லின்காரர்கள் உயிர்ப்பாறையோடு 'ஸ்கிம்மர்' என்னும் நுரை வடிகட்டியையும் சேர்த்துச் செய்து காட்டினார்கள். 'பெர்லின் முறை' என்று பெயர் வந்ததும் ஊர் பயபக்தியோடு கேட்டுக்கொண்டது. சங்கதி இதுதான்: கல்லின் மேற்பரப்பில் குடியிருக்கிற பாக்டீரியா மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரேட் ஆக்குகிறது. ஆக்சிஜன் குறைந்த உள்துளைகளில் இருப்பவை அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்புகின்றன. நூறு வருஷமாக நாம் கோபுரம் என்று நினைத்து அலங்கரித்தது உண்மையில் பாதாளச் சாக்கடை.

உடனே பேராசை. கேலனுக்கு ஒன்றிரண்டு பவுண்டு கல் என்று கணக்குப் போட்டு, பின் கண்ணாடியோடு சேர்த்து ஆரஞ்சுக்கடை மாதிரி அடுக்கினார்கள். தண்ணீர் ஓட வழியில்லாமல் சுவருக்குப் பின்னால் அழுக்கு தேங்கியது. ஃபுளோரிடாக் கடலில் கல் எடுத்தது போதும் என்று 1997-இல் அமெரிக்க அரசு தடை போட்டது.

இத்தனை அனுபவத்துக்குப் பிறகு மிஞ்சிய ஞானம் நாலு வரியில் அடங்கும். முதலில் கண்ணாடி மேல் கல், அப்புறம்தான் மணல். மணல் மேல் கட்டினால் பிஸ்டல் இறால் ராத்திரியோடு ராத்திரியாக அஸ்திவாரத்தைத் தோண்டிவிடும். ஒவ்வொரு கல்லும் மூன்று இடத்தில் ஊன்ற வேண்டும், நம் அடுப்புக்கு மூன்று கல் மாதிரி. உயரமாக வேண்டுமென்றால் துளை போட்டு அக்ரிலிக் கம்பி செருகலாம். இரும்புக் கம்பி கூடாது, துருவேறும். பவளத் துண்டை ஒட்டுவதற்கு எபாக்சிப் புட்டியைச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து, இரண்டு பக்கமும் ஃபெவிக்விக் வகைப் பசை தடவி அழுத்தினால் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். ஈரம் பட்டால்தான் அந்தப் பசைக்கே ரோஷம் வரும்.

நண்பர் ஒருவர் இதையெல்லாம் பிசகாமல் செய்தார். கல் கல்லோடு ஒட்டியது, பவளம் கல்லோடு ஒட்டியது, ஆள்காட்டி விரல் பவளத்தோடு ஒட்டியது. விரலைப் பிய்த்தெடுத்துவிட்டுப் படுத்தார். இரவு இரண்டு மணிக்கு 'டொக்'. விளக்கைக்கூடப் போடாமல் தொட்டிக்கு ஓடி, டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு கல்லும் அசையவில்லை. கொல்லைக் கதவுதான் திறந்து கிடந்தது.

"அப்பாடா, திருடன்" என்று நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொண்டார்.