வேனாற்றுப்படை: ஒரு முன்னோடி ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

காலை ஐந்து மணிக்குக் கிளம்புவதாக முடிவான எந்த வேனும் காலை ஐந்து மணிக்குக் கிளம்பியதில்லை. இது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. ஆயினும் அறிஞர் எவரும் இதை முறையாக ஆராயவில்லை. கல்வெட்டுக்கு ஆய்வு உண்டு, காசுக்கு ஆய்வு உண்டு, உடைந்த பானை ஓட்டுக்கும் ஆய்வு உண்டு. ஒரு கோட்டை, ஒரு கோயில், ஒரு மலையூர் மூன்றையும் இரண்டே நாளில் பார்த்துவிடலாம் என்று ஒரு குடும்பம் கூடி உட்கார்ந்து போடும் திட்டத்துக்கு மட்டும் இல்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வு எல்லை: சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், அரூர், சேலம் வழியாக ஏற்காடு. காலம்: ஒரு சனி, ஒரு ஞாயிறு. ஆய்வுக்கு உட்பட்டோர்: பெரியவர் எட்டுப் பேர், சிறுவர் மூவர், ஓட்டுநர் ஒருவர். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் எடுக்க வேண்டியிருப்பதால், அதை எடுத்துத் தருவது யார் என்ற விவாதம் முற்றி, ஏற்காடு ஒருமனதாகத் தேர்வாயிற்று. ஓட்டுநரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. இதன் முக்கியத்துவம் முடிவுரையில் புலப்படும்.

முன்னோடி நூல்கள்

பயணத் திட்டம் தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகள். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வரும் ஏழைக் கலைஞனுக்கு ‘இப்படிப் போ, இன்னாரைப் பார்’ என்று வழி சொல்வது ஆற்றுப்படை. அவற்றுள் இரண்டு நம் வேன் போகும் தடத்திலேயே கிடக்கின்றன என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு.

சிறுபாணாற்றுப்படை 269 அடி. ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் வழிகாட்டும் இந்நூல் சென்று சேரும் ஊர் கிடங்கில். அது இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல். வழியில் எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளிங்கறியோடு சோறு, ஆமூரில் நண்டுக் கறியோடு வெண்சோறு என்று ஊருக்கு ஒரு சாப்பாடு சொல்லப்படுகிறது. எந்த ஊருக்கு எத்தனை காதம் என்ற கணக்கை விட எந்த ஊரில் என்ன சோறு என்ற கணக்கே புலவர்க்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

மலைபடுகடாம் 583 அடி. பெருங்கௌசிகனார் பாடியது. செங்கத்து நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்துகிறது. மலை ஏறும்போது பாம்பு கிடக்கும் குழியைப் பார், பன்றிக்கு வைத்த பொறியைப் பார், தினைப்புனக் காவலர் யானை மீது எறியும் கவண்கல் உன் மேல் விழாமல் மரத்தின் பின் ஒதுங்கு, பாசி வழுக்கும், எதையாவது பிடித்து நட என்று அடுக்கடுக்காக எச்சரிக்கிறது. இவ்வளவையும் மேகத்தைப் பார்த்து எழுத முடியாது. கால் வழுக்கி விழுந்தவன்தான் எழுத முடியும்.

ஆக, ஆற்றுப்படைக்கு இலக்கணம் இரண்டு. ஒன்று, போய்வந்தவன் சொல்ல வேண்டும். இரண்டு, வழியைச் சோற்றால் அளக்க வேண்டும். நம் காலத் திட்டத்தில் இரண்டும் இல்லை என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

திட்டக்குழுவின் நடவடிக்கைகள்

எங்கள் வீட்டில் திட்டத்தை வகுத்தவர் சித்தப்பா. செஞ்சிக்கு அவர் போனதில்லை. கைப்பேசி வரைபடத்தில் இரண்டு விரலால் தமிழ்நாட்டை விரித்தும் சுருக்கியும் பார்த்துவிட்டு அறிவித்தார்:

“செஞ்சி நூத்தம்பது, நூத்தறுபது கிலோமீட்டர். மூணு மணி நேரம். எட்டு மணிக்குக் கோட்டை, பத்தரைக்கு இறங்கிடறோம். பதினொன்றரைக்கு அண்ணாமலையார். சாயந்திரம் ஏற்காட்டுல காபி.”

“டிபன் எங்கடா?” என்றாள் அத்தை.

“வழியில பாத்துக்கலாம்.”

நல்லியக்கோடன் நாட்டுக்கு வழி சொன்ன புலவர் இந்த ஒரு சொல்லைக் கேட்டிருந்தால் ஏட்டையே போட்டு உடைத்திருப்பார். வாசலில் வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ஓட்டுநர் லேசாகச் சிரித்தார். அச்சிரிப்பை அன்று நாங்கள் யாரும் தரவாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று கடிகாரக் கோட்பாடு

இங்கே ஒரு கோட்பாட்டை முன்வைக்க வேண்டியிருக்கிறது. கோட்டை, கோயில், மலை மூன்றும் மூன்று கடிகாரத்தில் ஓடுகின்றன.

கோட்டையின் கடிகாரம் வெயில். செஞ்சிக் கோட்டையின் கதவு காலை ஒன்பதுக்குத்தான் திறக்கும். எட்டு மணிக்குப் போனால் அகழியைப் பார்க்கலாம். பதினொரு மணிக்கு மேல் ஏறினால் பாறை தோசைக்கல். பிற்பகலில் ஒரு நேரத்துக்குப் பிறகு உச்சிக்கு ஏறவே விடமாட்டார்கள்.

கோயிலின் கடிகாரம் நடை. திருவண்ணாமலையில் பகல் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் மறுபடி திறக்க மூன்றரை ஆகிவிடும். 217 அடி ராஜகோபுரம் திறந்தவெளியில் நிற்கிறது, எந்நேரமும் அண்ணாந்து பார்க்கலாம். உள்ளே இருப்பவர் மட்டும் நம் வசதிக்குக் காத்திருக்கமாட்டார்.

மலையின் கடிகாரம் வெளிச்சம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பகலில் ஏறினால் ஒவ்வொரு வளைவிலும் சேலம் ஒரு படி கீழே இறங்கும். இரவில் ஏறினால் முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரியும்.

கோட்டைக்கும் காலை வேண்டும், கோயிலுக்கும் காலை வேண்டும், மலைக்குப் பகல் வேண்டும். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு காலைதான் உண்டு. வரைபடம் தூரத்தைச் சொல்லும், கதவு எப்போது சாத்தும் என்பதைச் சொல்லாது.

கள ஆய்வு

வேன் கிளம்பியது ஆறு நாற்பதுக்கு. இடையில் கரைந்த நூறு நிமிடங்களின் கணக்கு வருமாறு: கேஸ் மூடியாயிற்றா என்று பார்க்க ஒருவர் மாடிக்குப் போனது, அவர் பூட்டினாரா என்று பார்க்க இன்னொருவர் போனது, சக்கரத்துக்கு அடியில் வைக்க வேண்டிய நான்கு எலுமிச்சையில் ஒன்று குறைந்தது, அதை வாங்கப் போன மச்சான் டீயும் குடித்துவிட்டு வந்தது. சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேகில் பணம் இல்லாமல் நின்றதும், மதுராந்தகம் பக்கம் பொங்கலுக்குக் காத்திருந்ததும் தனி. ‘வழியில் பார்த்துக்கொண்டது’ ஒரு மணி நேரம்.

செஞ்சியில் இறங்கியபோது பத்தே முக்கால். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளையும் வளைத்துக் கட்டிய மதில். 1677இல் சிவாஜி இதைப் பிடித்தார். பின்னர் அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, மொகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690இல் முற்றுகையிட்டு 1698இல்தான் கைப்பற்றினார். ஏறத்தாழ ஏழரை ஆண்டு. ஏழரை என்ற எண்ணுக்குத் தமிழ்நாட்டில் உள்ள மரியாதையை அவருக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை போலும். கோட்டை விழுவதற்குள் ராஜாராமும் தப்பிப் போய்விட்டார். மராட்டிய ராணுவ நிலவெளிகள் என்ற பெயரில் 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பன்னிரண்டு கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை, மீதி ஒன்று இது.

ராஜகிரி 800 அடிக்குக் குறையாத உயரம். உச்சியை நெருங்கும்போது பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும். பிளவுக்கு மேல் ஒரு பாலம். அதை எடுத்துவிட்டால் எவனும் உள்ளே வர முடியாது. கோட்டை என்பதே யாரும் ஏறிவிடக் கூடாது என்பதற்காகக் கட்டப்படுவது. அதில் மூட்டுவலிக்காரர் நால்வரை ஏற்றி இறக்க இரண்டரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார் சித்தப்பா.

அத்தை படியைப் பார்த்தாள், சூரியனைப் பார்த்தாள். “நான் இங்கேயே உக்காந்திருக்கேன். கோட்டை எங்க ஓடிப்போகப் போகுது?” என்று கல்யாண மகாலின் நிழலில் தயிர்சாதக் கூடையோடு உட்கார்ந்தாள். நாங்கள் ஐந்து பேர் பாதி மலை ஏறியிருப்போம், கீழே அலறல். ஒரு குரங்கு மதிலிலிருந்து இறங்கி, மூடியைத் திறந்து, ஊறுகாயை ஒதுக்கி வைத்துவிட்டுத் தயிர்சாதத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போயிற்று. சுல்பிகார் கானுக்கு ஏழரை ஆண்டு பிடித்த வேலையை அது ஏழரை நொடியில் முடித்தது.

திருவண்ணாமலை சேர்ந்தபோது ஒன்று பத்து. நடை சாத்தியிருந்தது. மூன்றரைக்குத் திறந்து, வரிசையில் நின்று, அண்ணாமலையாரைப் பார்த்து வெளியே வந்தபோது மணி ஆறரை. செங்கத்தை இருட்டில் கடந்தோம். நன்னனின் ஊர் அது என்று நான் சொன்னபோது மச்சான், “பரோட்டா கிடைக்குமா?” என்று கேட்டான். ஆற்றுப்படை மரபு எங்கள் குடும்பத்தில் முற்றிலும் அழிந்துவிடவில்லை என்பதற்கு அது சான்று. மஞ்சவாடிக் கணவாய் தாண்டிச் சேலம், பிறகு இருபது வளைவுகள், ஏழாவதில் சிறுவர் இருவர் வாந்தி. பதினொன்றரைக்கு ஏற்காடு. காபி காலையில்தான் கிடைத்தது, சுற்றிலும் பனிமூட்டத்தோடு.

முடிவுரை

மறுநாள் ஏரிக்கரையில் ஓட்டுநரிடம் கேட்டேன்: “நீங்க இந்த வழியில எத்தனை தடவை வந்திருப்பீங்க?”

“கணக்கு இல்ல சார். மாசம் ரெண்டு ட்ரிப்பாவது வரும்.”

“அப்ப எப்படிப் போட்டிருக்கணும்?”

அவர் யோசிக்கவேயில்லை. “வழியில நிக்காம ஒம்போதுக்குக் கோட்டை. பெரியவங்க கீழ, சின்னவங்க மேல. கூடைய வண்டிக்குள்ள வெச்சுப் பூட்டிரணும், குரங்கு விடாது. மத்தியானம் திருவண்ணாமலைல சாப்பாடு, ரூம் போட்டுக் கொஞ்சம் தூக்கம். சாயந்திரம் சாமி. விடிகாலைல கிளம்பினா பன்னெண்டுக்கு மலை மேல சாப்பிடலாம். அப்பவே சொல்லலாம்னு பாத்தேன், சார் மேப் பாத்துட்டு இருந்தாரு.”

எந்த இடத்தில் எது கையைவிட்டுப் போகும் என்பது உட்பட எல்லாம் அதில் இருந்தது. மூன்று கடிகாரமும் ஒன்றோடொன்று மோதவில்லை. சாப்பாட்டு வேளை தவறவில்லை. சொன்னவர் போய்வந்தவர். ஆற்றுப்படைக்குரிய இரண்டு இலக்கணமும் பொருந்திய அந்தத் திட்டம் எங்கள் வாசலிலேயே கண்ணாடி துடைத்துக்கொண்டு நின்றது. நாங்கள்தான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே, அடுத்த விடுமுறைக்குத் திட்டம் போடவிருக்கும் அன்பர்களுக்கு இவ்வாய்வாளனின் பரிந்துரை ஒன்றே ஒன்று: கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, ஓட்டுநருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அவரைப் பேசவிடுங்கள்.