வியர்த்தால் தோற்றோம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி இன்டர்நேஷனல் ஃபால்ஸ் என்றொரு ஊர். 'நாட்டின் ஐஸ்பெட்டி' என்ற பட்டம் யாருக்கு என்று கொலராடோவின் ஃப்ரேசர் என்கிற ஊரோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி, 2008இல் அதை டிரேட்மார்க்காகவே பதிவு செய்துகொண்டது. குளிருக்குப் பட்டா வாங்கிய அந்த ஊரில்தான், ஜனவரிக் கடைசியில், அதிகாலையில், ஒரு சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கிவைக்கிறார்கள்.

பெயர் ஆரோஹெட் 135. 2005இல் ஆரம்பித்தது. 135 மைல், அதாவது 217 கிலோமீட்டர். சைக்கிளிலும் போகலாம், பனிச்சறுக்கிலும் போகலாம், சுமையை இழுத்துக்கொண்டு நடந்தும் போகலாம். 60 மணி நேரம் கெடு. பாதை என்பது ஸ்னோமொபைல்கள் ஓடி ஓடி இறுகிய காட்டுத் தடம். பாதிப் பேர்வரை நடுவழியில் நிறுத்திக்கொள்கிற வருஷங்களும் உண்டு.

சைக்கிள் என்றால் நம் வாடகைக் கடை சைக்கிள் இல்லை, ஃபேட் பைக். நாலு, நாலரை அங்குல அகலத்தில் டயர். அலாஸ்காக்காரர்கள் முன்பே அகல விளிம்புகளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். 2005இல் மினசோட்டாவின் சர்லி நிறுவனம் 'பக்ஸ்லி'யைக் கடைக்குக் கொண்டுவந்ததும் பைத்தியம் பரவிவிட்டது. கார் டயருக்கு 32 பவுண்டு காற்று என்றால் இதற்கு நாலைந்து போதும். பனி மெத்தென்றிருந்தால் இன்னும் இறக்க வேண்டும். இந்த அரைப் பவுண்டு விவகாரத்தைப் பற்றி இவர்கள் பேச ஆரம்பித்தால், நீங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

நான் இரண்டு பக்கமும் இருந்தவன். ஓட்டியும் இருக்கிறேன், முந்தின நாள் ஹாலில் நின்று மற்றவர்களின் மூட்டையைப் பிரித்துப் பார்க்கிற தொண்டனாகவும் இருந்திருக்கிறேன். கட்டாயச் சாமான் பட்டியல் ஒன்று உண்டு. பட்டியலின் தத்துவம் எனக்கு விளங்கியது, மாமனார் ஊரிலிருந்து வந்திருந்த ஒரு குளிர்காலத்தில். மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். கூடத்தில் நான் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மாப்பிள்ளை, இந்த ஸ்லீப்பிங் பேக்?"

"மைனஸ் 29 டிகிரி தாங்கணும்னு விதி, மாமா."

"சரி, வழியில படுத்துத் தூங்குவீங்க."

"தூங்கினா பின்தங்கிடுவோம். தடம் நல்லா இருந்தா முதல்ல வர்றவர் அரை நாள்ல முடிச்சிடுவார். அவர் இதைப் பிரிக்கறதே இல்லை."

"அடுப்பு?"

"பனியை உருக்கித் தண்ணி வைக்க. எங்கயாவது மாட்டிக்கிட்டாத்தான்."

"இந்தக் கடலை வெண்ணெய் டப்பா?"

"3,000 கலோரி. எப்பவும் கூடவே இருக்கணும்."

"பசிச்சா சாப்பிடலாமில்ல?"

"சாப்பிட்டா கணக்குல குறைஞ்சிடும், மாமா."

"இந்த விசில்?"

"ஆபத்துன்னா ஊதறதுக்கு."

"நடுக்காட்டுல யாருக்குக் கேக்கும்?"

அந்தக் காட்டில் ஓநாய்கள் உண்டு என்பதை நான் சொல்லவில்லை. என் மனைவி சமையலறையில் இருந்தாள்.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "ஆக, எல்லாத்தையும் சுமந்துகிட்டுப் போய், எதையும் தொடாம கொண்டுவந்து சேர்த்தா ஜெயிச்ச மாதிரி. நாங்களும் மார்ச் கடைசியில ஃபண்டை இப்படித்தானே சரண்டர் பண்ணுவோம்" என்றார்.

ஐடஹோவில் நடக்கும் ஃபேட் பர்சூட் பந்தயத்தார் இதில் கொஞ்சம் விவரமானவர்கள். அடுப்பு இருந்தால் மட்டும் போதாது, நடுவழியில் பற்றவைத்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் காட்டினால்தான் மேலே விடுவார்கள். காரணம் உண்டு. பியூட்டேன் வாயு உறைநிலைக்குக் கீழே போனால் ஆவியாக மறுத்து டப்பாவுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். விரல் மரத்தவனுக்கு லைட்டரும் சொன்னபடி கேட்காது. இதையெல்லாம் உயிர்போகிற நேரத்தில் கண்டுபிடிக்கக் கூடாது.

வியர்வை சிந்தினால் உயரலாம் என்று பள்ளிக்கூடச் சுவரில் படித்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே வியர்த்தவன் கதை முடிந்தது. சட்டை நனையும், நின்ற ஐந்தாவது நிமிஷம் முதுகில் ஐஸ் கட்டும். அதனால் மேட்டில் ஜிப்பைத் திறந்து, பள்ளத்தில் மூடி, மூச்சு வாங்காத வேகத்திலேயே போக வேண்டும். முதுகுப்பைத் தண்ணீர்க் குழாயை ஒவ்வொரு முறை உறிஞ்சிய பிறகும் திரும்ப ஊதிவிட வேண்டும், இல்லையென்றால் குழாய்க்குள் உறைந்துவிடும். பின்சக்கர ஹப்பில் கிரீஸ் இறுகினால் பெடல் மட்டும் சுற்றும், சக்கரம் சும்மா இருக்கும். அப்போது கைவசம் இருக்கிற ஒரே வெந்நீர் நம் உடம்பில் இருப்பதுதான் என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். எனக்கு அந்த நிலை வரவில்லை. வந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

பந்தயம் நடத்துகிறவர்களின் பாடு தனி. மாநிலமே வெயிலுக்கு ஏங்கும்போது இவர்கள் மட்டும் குளிர் வேண்டும் என்று வானிலைப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்ப்பார்கள். வெப்பம் ஏறினால் தடம் இளகி எல்லாரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். மைனஸ் 30க்குக் கீழே போனாலோ பனி மணலாகிவிடும், சக்கரம் லேசில் உருளாது. நடுவே ஒரு சின்ன இடைவெளியில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கும். அந்த இடைவெளி பெரும்பாலும் பந்தயத்துக்கு அடுத்த வாரம் வரும்.

பாதி தூரத்தில் எலிஃபன்ட் ஏரிக் கரையில் ஒரு விடுதி. உள்ளே கணகணப்பு, சூப், சுடச்சுட சீஸ் டோஸ்ட். பந்தயத்தின் மிகக் கொடூரமான இடம் அதுதான். உட்கார்ந்தவர்களில் பலர் எழுவதில்லை. தூக்கம் கெட்டவர்களுக்கு மரமெல்லாம் ஆளாகத் தெரியும் நேரம். எலிஃபன்ட் ஏரியில் யானையைப் பார்த்தேன் என்று ஒருவர் வந்து சொன்னால், ஏரியின் பெயரைப் படித்தாரா, மதி கலங்கிவிட்டாரா என்று தொண்டர்கள் குழம்ப வேண்டியிருக்கிறது.

இதுவே போதாது என்பவர்களுக்கு அலாஸ்கா. இடிடரோட் டிரெயில் இன்விடேஷனல், நோம் என்கிற ஊர் வரை 1,000 மைல். 2014இல் ஜெஃப் ஓட்லி அதைச் சைக்கிளில் 10 நாளில் முடித்தார். அதே தடத்தில் சில நாள் கழித்து நாய்வண்டிப் பந்தயமும் கிளம்பும். நாய்களுக்கு வழிநெடுகக் கால்நடை மருத்துவர், பாதத்துக்கு உறை, 24 மணி நேரக் கட்டாய ஓய்வு. பின்னால் கிளம்பிய நாய்கள் பல சைக்கிள்காரர்களைத் தாண்டிப் போய்விடும். சைக்கிள்காரனுக்கு மருத்துவரும் கிடையாது, ஓய்வெடு என்று சொல்ல நாதியும் கிடையாது.

ஆரோஹெட் முடிவது டவர் என்ற ஊர்ப்பக்கம், ஃபார்ச்சூன் பே என்கிற சூதாட்ட விடுதியில். தாடியில் ஐஸ் தொங்க நான் உள்ளே நுழைந்தபோது, ஸ்லாட் மெஷின் முன்னால் இருந்த பாட்டி ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"எவ்வளவு ஜெயிச்சே?"

பரிசுப் பணமெல்லாம் இல்லை, நுழைவுக் கட்டணம் நாங்கள்தான் கட்டினோம் என்றேன்.

அவர் பொத்தானை அழுத்திவிட்டு, "நானாவது உட்கார்ந்துகிட்டுத் தோக்கறேன்" என்றார்.